பால்பல் விழாத குதிரை

போன மாதம் நம் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அந்தப் படத்தைப் போட்டார். குதிரையின் மேல் என் அப்பா. தலையில் சிவப்புத் துண்டு, வாயில் சுருட்டு, தூக்கிய கையில் சாட்டை. பின்னால் தேயிலை மலை. அரை மணி நேரத்தில் நீங்கள் எல்லோரும் கும்பிட்ட கைகளை வரிசையாக வைத்துவிட்டீர்கள். அந்தக் காலத்தில் நம் காவல்தெய்வம் வீரன் நேரிலேயே வந்தார் என்று ஒருவர் எழுதினார். குதிரையே மண்டி போட்டது, கண்ணால் பார்த்தேன் என்று இன்னொருவர். நானும் பார்த்தேன். உங்களைவிடப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

அதற்கு மறுவாரம் தலைவர் என்னை அழைத்தார். கோயில் கமிட்டித் தலைவர் என்றால் வேறு யாருமில்லை, நம்மோடு படித்தவர், ஆபீசில் கணக்கெழுதிய கிராணியின் மகன்தான். இந்த வருடத் திருவிழாவுக்கு மறுபடியும் உயிருள்ள குதிரை கொண்டுவரப் போகிறார்களாம். சவாரி கற்றுக்கொடுக்கும் இடம் ஒன்றில் இளம் குதிரை இருக்கிறதாம். நிறம் கொஞ்சம் கறுப்பு, அதற்கு வழி இருக்கிறது என்றார். வீரனிடம் உத்தரவு கேட்கும்போது மஞ்சள் தண்ணீர் ஊற்ற வயதுக்கு வராத ஒரு பெண்பிள்ளை வேண்டும். அன்றைக்கு ஊற்றியது நான். ஆகவே இந்த முறை என் மகள் ஊற்றினால் பொருத்தமாக இருக்கும் என்று கமிட்டியில் முடிவாகிவிட்டது.

நமக்கெல்லாம் ஐம்பது ஆகிவிட்டது. எனக்குத் தாமதமாகப் பிறந்த ஒரே பெண் அவள். சாலையைத் தனியாகக் கடக்க விடமாட்டேன். பள்ளிப் பேருந்து பத்து நிமிடம் தாமதித்தால் வாசலில் போய் நின்றுகொள்வேன். இப்படிப்பட்ட தாய் ஏன் ஒரு செம்புத் தண்ணீருக்கு இவ்வளவு பயப்படுகிறாள் என்று நீங்கள் சிரிக்கலாம். தொலைபேசியில் சொல்லி முடிகிற விஷயமில்லை இது. அதனால்தான் எழுதுகிறேன்.

குதிரைக்குட்டி எப்படி வந்தது என்பது சிலருக்கு மறந்திருக்கும். தோட்டத்தை நடத்திய பழைய துரை ஒரு தாய்க்குதிரை வைத்திருந்தார். ஈப்போவில் பந்தயம் ஓடி ஓய்ந்த குதிரை. வரும்போதே சினையாக இருந்தது அவருக்கே தெரியாது. குட்டி பிறந்து எட்டு மாதத்தில் தாய்க்கு வயிறு முறுக்கிக்கொண்டது. ஒரே பகலில் செத்துப்போனது. குட்டிக்கு இரண்டு வயது நெருங்கும்போது துரை மாற்றலாகிப் போனார். குட்டியையும் அதைப் பார்த்துக்கொண்ட ஆளையும் தோட்டத்திலேயே விட்டுவிட்டுப் போனார். அடுத்த துரை வருவதற்குப் பல மாதம் ஆயிற்று. அதுவரை கிராணிதான் எல்லாம்.

குதிரைக்காரர் மலாய்க்காரர். மலாயில் மாமா என்கிற மாதிரி, பாக்சிக் என்று கூப்பிடுவோம். ஈப்போவில் தமிழாட்களோடு லாயத்தில் இருபது வருடம் கிடந்தவர், அதனால் நம் தமிழைவிட அவருடைய தமிழில் கெட்ட வார்த்தை அதிகம். பிள்ளைகளைக் கண்டாலே பிடிக்காது. என்னை மட்டும் விரட்டாததற்குக் காரணம் கோசு இலை. திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றி வரும் லாரி நம் வளைவில் நிற்கும்போது, ஓட்டுநர் வாடிய மேல் இலைகளை உரித்துக் கீழே போடுவார். அதைப் பாவாடையில் அள்ளிக்கொண்டு துரை பங்களாவுக்குப் பின்னால் ஓடுவேன். லாயத்தில் ஈர வைக்கோலும் மூத்திரமும் வெல்லப்பாகும் கலந்த வாடை. அதன் மேல் ஆலையிலிருந்து வாடுகிற கொழுந்தின் பச்சை வாசம் வந்து படியும். குட்டி என் அக்குளுக்குள் மூக்கை நுழைத்து மூச்சு விடும். பனியில் அந்த மூச்சு மட்டும்தான் சூடு.

அது வெள்ளைக் குதிரை இல்லை. நனைந்த சிலேட்டு நிறம். கண்ணைச் சுற்றி மட்டும் சில நரை முடிகள். இந்த இனம் பிறக்கும்போது கறுப்பாக இருந்து வருடம் போகப் போக வெளுக்கும் என்று பாக்சிக் சொன்னார். முழுசாக வெளுக்க எட்டுப் பத்து வருடம் ஆகுமாம்.

காலையில் அதைக் குளிப்பாட்டுவார். முதல் குவளை தண்ணீர் விழும்போது அதன் தோல் சிலிர்க்கும். எல்லா இடத்திலும் இல்லை. முதுகில் ஊற்றினால் சும்மா நிற்கும். இடது முன்னங்காலுக்குப் பின்னால், விலா முடிந்து வயிறு தொடங்கும் இடத்தில் தோல் மெல்லிசு. அங்கே ஒரு ஈ உட்கார்ந்தாலும் தோள் முதல் வால் வரை ஓர் அலை ஓடும். நான் ஒரு புல்லை எடுத்து அங்கே தொட்டுத் தொட்டுச் சிரிப்பேன். பாக்சிக் கையைத் தட்டிவிடுவார்.

இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு இதை அறிந்திருந்தது தோட்டத்தில் இரண்டே பேர்.

அந்த வருடம் பக்கத்துத் தோட்டத்தார் தங்கள் திருவிழாவுக்கு மின்விளக்கு வைத்த ரதம் கொண்டுவந்தார்கள். கம்போங் ராஜா டவுன் வரை அதே பேச்சு. நம் வீரன் வழக்கம்போல லாரியில், சிமெண்டுக் குதிரைமேல் போனார். கிராணிக்கு அது தாங்கவில்லை. என் அப்பாவுக்கும் தாங்கவில்லை. அப்பா எங்கள் மலையின் கங்காணி, கோயிலில் சாமியாடி. வீரன் அவர் மேல்தான் வருவார். அடுத்த திருவிழாவுக்கு வீரன் உயிருள்ள குதிரையில்தான் வருவார் என்று இருவரும் சேர்ந்து ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். குதிரைக்காரரிடம் யாரும் கேட்கவில்லை.

பிறகுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்டார்கள். குட்டி தயாரா என்று. பாக்சிக் ஒரே வார்த்தை சொன்னார். "பெலும்." இன்னும் இல்லை என்று அர்த்தம். மறு ஞாயிறு வந்தார்கள். பெலும். அதற்கடுத்த ஞாயிறும் அதுவேதான். கிராணி எரிச்சலாகி, எப்போதுதான் ஆகும் என்று கேட்டதும் பாக்சிக் குட்டியின் உதட்டை மேலே தூக்கிக் காட்டினார். சின்னச் சின்னதாக வெள்ளைப் பற்கள்.

"பாருங்க லா. எல்லாம் பால்பல்லு. ஒண்ணுகூட விழல. உங்க மவன் பால்பல்லோட கொழுந்து மூட்ட தூக்குவானா?"

பிறகு குட்டியைப் பக்கவாட்டில் நிறுத்தினார். பின்பக்கம் உயர்ந்தும் தோள்பக்கம் தாழ்ந்தும் இருந்தது. இன்னும் வளர்கிறது என்பதற்கு அதுதான் அடையாளமாம். கால் எலும்பு முதலில் முற்றும், முதுகெலும்பு கடைசியில்தான் முற்றும். நான்கு வயதானதும் எடை குறைந்த ஆளாகப் பார்த்து, முதலில் முதுகில் சும்மா சாய வைத்து, பிறகு உட்கார வைத்து, கால் மணி நேரம் நடத்தி இறக்கவேண்டும். அதற்கு முன்னால் சேணம், கடிவாளம், கூட்டம், மேளம் எல்லாம் அதற்குப் பழக வேண்டும். அவர் ஆறு மாதமாக ஒரு காலிச் சாக்கை அதன் முதுகில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் ஆகியிருந்தது.

அப்பா சிரித்தார். நம் தோட்டத்தில் எதற்கு வயது பார்த்தார்கள்? தாங்குகிறதா இல்லையா, அதைத்தான் பார்ப்பார்கள். அப்பா நான்கு பேரை அனுப்பி நிறுவைக் கொட்டகையிலிருந்து இரண்டு கொழுந்து மூட்டை கொண்டுவரச் சொன்னார். மழையில் நனைந்த கொழுந்து. இரண்டையும் கயிற்றில் பிணைத்துக் குட்டியின் முதுகில் இரண்டு பக்கமும் தொங்கவிட்டார்கள். குட்டி அசையவில்லை. காதைப் பின்னால் மடித்துக்கொண்டு நின்றது. மூட்டையிலிருந்து வடிந்த பச்சைத் தண்ணீர் அதன் வயிற்றில் ஒழுகியது. அப்பா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கால் மணி நேரம் அது சுவர் மாதிரி நின்றது.

"பாத்தியா பாக்சிக். ஒரு முனகல் உண்டா?" என்றார் அப்பா.

"பயத்துல நிக்குது கங்காணி. பழகி நிக்கல," என்றார் பாக்சிக்.

யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மூட்டையை இறக்கியபோது குட்டியின் பின்னங்கால்கள் நடுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். குளிர் என்று நினைத்தேனா, அப்படி நினைத்துக்கொண்டேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

வீட்டில் அம்மா மட்டும் ஒருமுறை பேச்செடுத்தாள். அம்மா பன்னிரண்டு வயதில் கூடை தூக்கியவள். முப்பத்தைந்து வயதிலேயே நிமிர்ந்து உட்கார முடியாமல் சுவரில் பலகை வைத்துச் சாய்ந்துகொள்வாள். சோறு போட்டுக்கொண்டே, "அது இன்னும் புள்ளங்க" என்றாள். அப்பா, "நீயும்தான் புள்ளையா இருந்தே, தூக்கலையா?" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். அம்மாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

பாக்சிக் விடவில்லை. கிராணியின் ஆபீசுக்கே போய், குட்டிமேல் யாரும் ஏறினால் தான் ஈப்போவுக்குப் போய்ப் பழைய துரைக்குத் தந்தி அடிப்பேன் என்று சொல்லிவிட்டார். கமிட்டி இரண்டாகப் பிரிந்தது. சில பேர் வேண்டாம், சிமெண்டுக் குதிரையே போதும் என்றார்கள். கிராணிதான் வழி கண்டுபிடித்தார். நாம் ஏன் சண்டை போட வேண்டும், வீரனையே கேட்டுவிடுவோம் என்றார்.

உங்களுக்குத் தெரியும், உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆடு வெட்டும் முன் அதன் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆடு உடம்பைத் துலுக்கினால் சாமி சம்மதித்துவிட்டார் என்று அர்த்தம். துலுக்காவிட்டால் இரண்டாம் முறை, மூன்றாம் முறை. மூன்றுக்கும் துலுக்காவிட்டால் விட்டுவிட வேண்டும். ஆட்டுக்குச் செய்வதைக் குதிரைக்குச் செய்யலாம் என்று முடிவானது. பாக்சிக்கும் ஒப்புக்கொண்டார். குட்டியின் முதுகில் தண்ணீர் ஊற்றினால் அது சும்மா நிற்கும் என்று அவருக்குத் தெரியும். மூன்று செம்பில் பிரச்சினை முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருப்பார்.

திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால், காலையில், கோயில் வாசலில் கூடினோம். நீங்களும் இருந்தீர்கள். எனக்குப் பட்டுப்பாவாடை கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, கையில் செம்பைக் கொடுத்தார்கள். வேப்பிலை மிதந்த தண்ணீர், மலை ஊற்றுத் தண்ணீர், விரல் மரத்துப்போகும் குளிர். பாக்சிக் கோயில் வளைவுக்கு வெளியே நின்று குட்டியின் கயிற்றைப் பிடித்திருந்தார்.

முதல் செம்பை முதுகில் ஊற்றினேன். மஞ்சள் தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து சொட்டியது. குட்டி நின்றது. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. இரண்டாம் செம்பு. கழுத்துக்குப் பின்னால் ஊற்றினேன். காது மட்டும் திரும்பியது. யாரோ பின்னால், "வீரனுக்குப் புடிக்கல போல" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் அப்பா காதில் விழுந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மார்பில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அவர் முகம் அப்படிச் சுருங்கி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் நூறு பேர் முன்னால் அவர் நின்று பேர் கூப்பிட வேண்டும்.

மூன்றாம் செம்பை அந்த இடத்தில் ஊற்றினேன். இடது காலுக்குப் பின்னால், விலாவும் வயிறும் சேரும் இடத்தில். குனிந்து, பார்த்து, ஊற்றினேன்.

தோள் முதல் வால் வரை அலை ஓடியது. தண்ணீர் தெறித்து என் முகத்தில் விழுந்தது. குலவை கிளம்பியது. உறுமி அடித்தார்கள். அப்பா என்னை ஒரு கையால் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். மேலே இருந்து பார்த்தேன். பாக்சிக் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  பத்து வயதுப் பெண்பிள்ளை சரியாக எந்த இடத்தில் ஊற்றினாள் என்று அங்கே யாரிடம் சொல்வார், யார் நம்புவார்கள்?

இத்தனை வருடமும் இதை யாரிடமும் சொன்னதில்லை. நம் வீரன் கொடுத்த உத்தரவு என்று நீங்கள் இன்றும் பேசுவது நான் செய்த வேலை.

திருவிழா அன்று காலை லயன் வீடுகளுக்கு வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பு இருந்தது. வீரன் குதிரை வெள்ளையாக இருக்க வேண்டும். இரண்டு இளவட்டங்கள் பழைய விளக்குமாற்றால் குட்டியின் மேல் அதைப் பூசினார்கள். கண்ணைச் சுற்றிக்கூட விடவில்லை. பாக்சிக் தடுக்கப்போய், கிராணி அவரை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டார். காய்ந்ததும் குட்டி பிணத்துக்குப் பூசிய மாதிரி இருந்தது. அதன் மேல் ஜரிகைத் துணி, மாலை, நெற்றியில் குங்குமம். கண்ணிலிருந்து நீர் கோடாக இறங்கிச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டிருந்தது. எல்லோரும் அழகு என்றார்கள்.

பாக்சிக் விட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. வேறு ஒருவன் கயிற்றைப் பிடித்தால் வாயைக் கிழித்துவிடுவான் என்று அவரே வந்து பிடித்துக்கொண்டார். 

ஆலை முற்றத்தில் அப்பாவுக்கு அருள் வந்தது. சாராயம், சுருட்டு, சாம்பிராணிப் புகை, அவருடைய வியர்வை எல்லாம் சேர்ந்து ஒரே நாற்றம். தேயிலைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டார்கள். அதில் ஏறிக் குட்டியின் மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்று சொல்வது சரியில்லை, விழுந்தார். குட்டியின் நான்கு கால்களும் வெளியே விரிந்தன. ஒரு சத்தம் வந்தது. இருமல் மாதிரி, ஆனால் இருமல் இல்லை. அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சாட்டையைப் பார்க்காதீர்கள், குதிரையின் முதுகைப் பாருங்கள். நடுவில் தூளி மாதிரி தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஆலையிலிருந்து கோயிலுக்கு ஏற்றம், ஒரு மைல் இருக்கும். பாதித் தூரம் வந்தது. பெரட்டுக் கொட்டகை வளைவில் அதன் முன்னங்கால்கள் மடங்கின. முட்டி தாரில் இடித்த சத்தம் உறுமிக்கு நடுவிலும் எனக்குக் கேட்டது. அப்போதுதான் யாரோ ஒருத்தி, குதிரை வீரனுக்கு மண்டி போடுகிறது என்று குரல் கொடுத்தாள். மொத்தக் கூட்டமும் சாலையில் விழுந்து கும்பிட்டது. நீங்கள் விழுந்தீர்கள். என் அம்மா விழுந்தாள். இறங்கி அந்த மிருகத்தைத் தூக்கிவிட வேண்டிய மனிதர் மேலே உட்கார்ந்து எல்லோருக்கும் திருநீறு கொடுத்துக்கொண்டிருந்தார். பாக்சிக் அவர் காலைப் பிடித்து, "இறங்கு கங்காணி, இறங்கு" என்று கெஞ்சினார். வீரனின் காலை அவரும் பிடித்துவிட்டார் என்று அதற்கும் ஒரு குலவை போட்டார்கள். 

பிறகு சாட்டை விழுந்தது. மூன்று தடவை. குட்டி எழுந்தது. எப்படி எழுந்தது என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. மிச்ச அரை மைலும் நடந்து கோயிலுக்கு வந்து சேர்ந்தது.

மறுநாள் சுண்ணாம்பைக் கழுவினோம். வார் இறுக்கிய இடமெல்லாம் வெந்து தோல் உரிந்திருந்தது. அம்மா தேங்காயெண்ணெய் கொண்டுவந்து பாக்சிக்கிடம் கொடுத்துவிட்டு நிற்காமல் போனாள். முதுகில் கை வைத்தால் குட்டி தரையோடு பதுங்கியது. ஒரு வாரத்தில் பின்னங்கால் நுனி தரையில் இழுபட ஆரம்பித்தது. இரண்டாம் வாரத்தில் படுத்தால் எழ முடியவில்லை. பாக்சிக்கும் ஆலையாட்கள் இரண்டு பேரும் வயிற்றுக்கடியில் சாக்கைக் கொடுத்துத் தூக்குவார்கள். கோசு இலை கொண்டுபோனேன். வாங்கித் தின்றது. அதுதான் தாங்க முடியவில்லை. என் கையிலிருந்து வாங்கித் தின்றது.

இதையெல்லாம் நம் தலைவரிடம் எப்படிச் சொல்வது? நேற்று மாலை மறுபடியும் அழைத்தார். மகளை அனுப்ப மாட்டேன் என்று சொன்னேன்.

"ஏன் லா? சும்மா தண்ணி ஊத்துறதுதானே. புள்ளைக்கும் ஒரு புண்ணியம்."

குதிரைக்கு என்ன வயது என்று கேட்டேன். தெரியாது என்றார். பல்லைப் பார்த்தீர்களா, அதை வைத்திருப்பவர் ஆள் ஏற்றலாம் என்று எழுதிக் கொடுத்தாரா, உட்காரப் போகிறவர் எத்தனை கிலோ என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீ என்ன, படிச்சதுக்கப்புறம் சாமியே இல்லேங்கிறியா? உங்கப்பா உக்காந்த குதிரை. நீ ஊத்துன தண்ணி. ஒனக்கே கசக்குதா?"

ஆமாம் என்றேன். அவர் வைத்துவிட்டார். மிருகநலம் பார்க்கும் ஒரு சங்கத்துக்கும், அந்தச் சவாரி நிலையத்துக்கும் நான் எழுதிவிட்டேன். யார் சொன்னது என்று நீங்கள் தேட வேண்டாம், என் பேரைப் போட்டுத்தான் எழுதினேன். குழுவிலிருந்து என்னை எடுத்துவிடுவதென்றால் எடுத்துவிடுங்கள். ஆனால் மிச்சத்தையும் படித்துவிட்டு எடுங்கள்.

மூன்றாம் வாரம் புதிய துரை வந்தார். லாயத்தைப் பார்த்தவர் அன்றைக்கே தானா ராத்தாவிலிருந்து மிருக டாக்டரை வரவழைத்தார். டாக்டர் நம் ஆள், கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். மத்தியானம் மழைக்கு முன்னால் வந்தார். கிராணி, அப்பா, கமிட்டியில் நான்கைந்து பேர், எட்ட நின்று வேடிக்கை பார்த்த நாம். டாக்டர் வைக்கோலில் முட்டி போட்டுக் குட்டியின் முதுகெலும்பை விரலால் ஒவ்வொரு கணுவாகத் தடவிக்கொண்டு போனார். ஓரிடத்தில் நிறுத்தினார். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். எழுந்து வெளியே வந்து கைகளைத் துடைத்துக்கொண்டு, இதன் மேல் என்ன பாரம் ஏற்றினீர்கள் என்று கேட்டார்.

பாரமெல்லாம் ஒன்றும் ஏற்றவில்லை, சாமி ஊர்வலம் என்றார் கிராணி.

"சாமி சரி. மேல உக்காந்தது யாரு?"

வீரன் என்றார்கள். டாக்டர் இன்னொரு முறை கேட்டார். வீரன் என்றார்கள். பாக்சிக் பேச வாயெடுத்தார். கிராணி அவரை ஒரு பார்வை பார்த்தார். புதிய துரையின் காதுக்கு ஒருவர் பேரும் போகக்கூடாது என்று முதல் நாளே பேசி வைத்திருந்தார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. என் அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு மூன்றடி தூரத்தில் நின்றார்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். என் பாவாடையில் கோசு இலை இருந்தது. "தீனி போடுற புள்ள நீதானா? நீ சொல்லும்மா. ஏறுனவரு எத்தனை கிலோ இருப்பாரு?"

எனக்குத் தெரியும். சனிக்கிழமைகளில் கொழுந்து நிறுத்து முடித்ததும் அப்பா விளையாட்டாகத் தராசுக் கொக்கியைப் பிடித்துத் தொங்குவார், பெண்கள் சிரிப்பார்கள், கிராணி எடையைச் சத்தமாக வாசிப்பார். எண்பத்தெட்டு. எப்போதும் எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது. எண் என் நாக்கின் நுனியில் இருந்தது. அப்பா முகத்தைப் பார்த்தேன்.

"சாமிக்கு எடை இல்லிங்க டாக்டர்," என்றேன்.

 முதலில் கிராணி சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள், தப்பித்தவர்களின் சிரிப்பு. கங்காணி மகள் எப்படிப் பதில் சொன்னாள் பாருங்கள் என்று ஒருவர். அப்பா வந்து என் தலையில் கை வைத்தார். காய்ச்சிய எண்ணெய் தேய்த்தது மாதிரி அந்தக் கை சூடாக இருந்தது. என் வாழ்நாளில் அதைவிடப் பெருமையாக நான் நின்றதில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பள்ளியில் முதல் பரிசு வாங்கியபோதுகூட இல்லை.

டாக்டர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "எத்தனாவது படிக்கிறே?" என்று கேட்டார்.

"நாலாவது."

"நல்லா படி," என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பாக்சிக் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த மழையில் குட்டியின் கடைசி மூச்சுகூட வெளியே கேட்கவில்லை. நாம் எல்லோரும் லயனுக்கு ஓடினோம். டாக்டரும் என்னைப் பாராட்டிவிட்டார் என்று வழியெல்லாம் உங்களிடம் சொல்லிக்கொண்டே ஓடினேன்.

என் மகள் இந்த வருடம் நான்காம் ஆண்டு படிக்கிறாள். அவள் வர மாட்டாள்.